சாகுலுக்குத் தனிக் கிண்ணம்

என் நண்பன் சாகுல் கொண்டுவந்த சீஸை, அவனே நின்று உருக்கிய சீஸை, அவனுக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தவன் நான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேல் இரக்கப்பட நீங்கள் இடம் தேட வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி. சாகுலுக்குக் கோவில்பட்டி பஜாரில் இரும்புக்கடை, நான் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதம். அவனுடைய அண்ணன் கப்பலில் சமையல்காரர். விடுமுறைக்கு வந்தவர், மெழுகுத்தாள் சுற்றிய பெரிய சீஸ் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். குளிர் தேசங்களில் அதை உருக்கிச் சட்டியோடு நடுவில் வைப்பார்களாம். குடும்பமும் நண்பர்களும் சுற்றி உட்கார்ந்து, ரொட்டித் துண்டைக் கம்பியில் குத்தி, அதில் முக்கித் தின்பார்களாம்.

சாகுல் வீட்டில் அண்ணனைப் பார்க்க வந்த கூட்டம். என் வீட்டில் வைத்துக்கொள்வோம் என்றேன். அதோடு நின்றேனா? என் தங்கை செல்வத்தைத் தம் மகனுக்குப் பெண் கேட்டிருந்த நாகலாபுரத்து அண்ணாச்சியையும் அழைத்தேன். நிறையக் கரிசல் நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி அவர். நாங்கள் எப்பேர்ப்பட்ட விருந்து வைப்போம் என்று அவர் பார்க்கட்டுமே என்கிற வீம்பு... வேறென்ன!

சாகுல் மத்தியானமே வந்துவிட்டான். சைக்கிள் சக்கரக் கம்பிகளை அரத்தால் ராவிக் கூராக்கி, வெந்நீரில் போட்டு எடுத்துக் கொண்டுவந்திருந்தான். என் மனைவி புஷ்பம் ஒரு கையால் மூக்கைப் பொத்துவதும் மறு கையால் தேங்காய்த் துருவியில் சீஸைத் தேய்ப்பதுமாக இருந்தாள். எங்கள் ஊர் வெயிலில் அது பாதி தானாகவே இளகியிருந்தது. பால், கொஞ்சம் மைதா, எலுமிச்சைச் சாறு எல்லாம் அண்ணன் சொன்னபடி சேர்த்து, பனியன் நனைய நனைய விடாமல் கிண்டினான் சாகுல். அண்ணாச்சி வந்து புஷ்பத்தின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தபோது நான் திருத்தவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் கரி அடுப்பு, அதன்மேல் சட்டி. எல்லாரும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாயில் வைத்த கம்பி மறுபடியும் அதே சட்டிக்குள் போகும். எச்சில்! டம்ளரையே உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற ஜனங்கள் நாங்கள். ஆள் கூப்பிடும்போதே இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

அண்ணாச்சிதான் முதலில் துணிந்தார். பன் துண்டை முக்கித் தின்றார். மீசையில் ஒட்டிய சீஸ் நூலாக நீண்டது. அதை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தார்.

"ஒரே குடும்பமா ஆகப்போறோம். நமக்குள்ள என்ன எச்சில்?" என்றார்.

சொல்லிவிட்டு, சாகுல் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தார்... நான் எழுந்துவிட்டேன்.

அடுக்களையிலிருந்து கிண்ணம் எடுத்து வந்து, சட்டியிலிருந்து மோந்து ஊற்றி, சாகுல் முன்னால் வைத்தேன்.

"சாகுலுக்குப் பல்லு வலி, அண்ணாச்சி. சூடு ஆகாது, ஆறவச்சுத்தான் திங்கணும்" என்றேன்.

அவனுக்கு ஒரு வலியும் கிடையாது. என்னைப் பார்த்தான். பிறகு மெல்லக் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு நாளா இந்தப் பக்கம் வச்சுக் கடிக்க முடியலை."

என் மானத்தைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான்! ஆறிய சீஸ் ரப்பராக இறுகிவிடும். அதை அவன் மென்று மென்று தின்று முடித்தான். நான் சட்டியிலிருந்து சூடாகத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

தங்கை கல்யாணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லலாமா? முடியாது. அண்ணாச்சி எப்போதோ சம்மதம் சொல்லிவிட்டார், அன்று விருந்தோடு நாளும் குறித்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். பிற்பாடு பருத்தி வியாபாரம் செய்யும் ராவுத்தர்களோடு அவர் ஒரே மேசையில் பிரியாணி சாப்பிட்டதை நானே கண்டேன். அன்று அவர் பார்த்தது வெறும் சைக்கிள் கம்பியைத்தானோ என்னவோ! அப்படியானால் அந்தப் பார்வையில் நான் கண்ட அழுக்கு யாருடையது? என்னுடையதுதான்.

சாகுல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடைக்குப் போனால் எப்போதும்போல் டீ வாங்கிக் கொடுத்தான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் மறந்திருப்பான் என்று எண்ணிக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

சில வருஷம் கழித்து அவன் தங்கைக்குக் கல்யாணம். அவர்கள் பந்தியில், பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்து உண்பார்கள். சஹன் என்பார்கள் அதை. சாகுல், அவன் அண்ணன், மச்சான் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.

"வாலே. இங்கன உக்காருதியா, தனி இலை போடச் சொல்லவா?" என்றான் சாகுல்.

அதில் குத்தல் இல்லை. உட்காரத்தான் நினைத்தேன், சத்தியமாக... அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திரும்பி, எங்கள் ஆட்கள் யாரேனும் பந்தியில் இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

நான் திரும்பிப் பார்த்ததைச் சாகுல் கவனித்துவிட்டான். இலை ஒன்று கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தான். இலை வந்தது. நான் அதன்முன் உட்கார்ந்து சாப்பிட்டேன்.