வாய்க்கால் பாயாத ஊர்

தஞ்சாவூர் பேருந்தில் நடத்துநர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தங்கை, முந்தின நாள் காட்டிய கல்லூரி விருப்பப் பட்டியல் ஏறக்குறைய இதே வரிசை. கீழ்வேளூரில் ஏறினால் எங்கெல்லாம் இறங்கலாமோ, அங்கே இருக்கும் கல்லூரிகள். பாடம் எதுவானாலும் சரி.

பால் கவரில் மண் போட்டு இலுப்பைக் கன்று வளர்ப்பவள் அவள். வனவியல் படிக்கப் போகிறேன் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறவள். மதிப்பெண்ணும் இருந்தது. அந்தப் படிப்பு உள்ள கல்லூரி மேற்கே, மலையடிவாரத்தில். அதைப் பட்டியலில் சேர்க்கவேயில்லை. திங்கள் மாலையோடு பட்டியல் மூடிவிடும், பிறகு திருத்த முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அங்க ஆத்துப் பாசனமே கிடையாதாம்க்கா. எப்படி இருக்கிறது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதென்றாலும் எடுப்பதென்றாலும் முதல் கேள்வியே, "அந்த ஊருக்கு வாய்க்கால் பாயுதா?" என்பதுதான். மாப்பிள்ளையின் வேலை அதற்கப்புறம். நானும் திருவாரூரைத் தாண்டிப் படித்ததில்லை. வானம் பார்த்த பூமி என்றால் எங்களுக்கு ஓர் இளக்காரம், உள்ளுக்குள் கொஞ்சம் பயம்.

அந்தக் கல்லூரி பற்றிய வீடியோக்களாகப் போட்டுக் காட்டினேன். மூச்சு விடாமல் பேசினேன்.

"அவ்ளோ நல்லாருந்தா நீயே போய்ப் படியேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

மலை வரை போய்வர நாள் இல்லை. வாய்க்கால் பாயாத ஊர் ஒன்றையாவது காட்டலாமென்று ஞாயிறு காலை அவளைக் கிளப்பி, தஞ்சாவூரில் புதுக்கோட்டைப் பேருந்துக்கு மாறினேன். கொஞ்ச தூரத்தில் வயல்கள் முடிந்து செம்மண் வந்தது. கந்தர்வகோட்டை தாண்டி ஒரு முந்திரித் தோப்பு ஓரம் இறங்கினோம். எதிரே ஒரு டீக்கடை.

"எந்த ஊரு பாப்பா?" என்று கடைக்கார அம்மா தங்கையைக் கேட்டார்.

"கீழ்வேளூர் பக்கம்ங்க."

"அடியாத்தே. மழை வந்தா வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துருமாமே. வரப்பு பூரா பாம்பாம். எம்பொண்ணக்கூட அந்தப் பக்கத்துலேருந்து கேட்டு வந்தாங்க. குடுக்க மாட்டேன்னுட்டேன்."

"பாம்பு ஒதுங்கிப் போயிடும்ங்க" என்றாள் தங்கை.

"நீ சொல்லுவ. அங்கயே பொறந்தவ."

தங்கைக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. டீயை வைத்துவிட்டுத் தோப்புக்குள் போனாள். வெகுநேரம் கழித்து, காலி பிஸ்கட் உறையில் செம்மண்ணோடு வந்தாள்.

திரும்பும்போது பேருந்தில், "அந்தம்மா நம்ம ஊரப் பாத்ததே இல்லல்லக்கா?" என்றாள்.

"இல்லன்னுதான் நினைக்கிறேன்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. என் வாழ்நாளில் அபூர்வம் அது.

திங்கட்கிழமை மத்தியானம் வனவியலை முதலிடத்தில் போட்டுப் பட்டியலைப் பூட்டிவிட்டாள். அன்றைக்கு ருசித்துச் சாப்பிட்டேன், குழம்பில் உப்பில்லை என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

நாற்றங்காலிலிருந்து வந்த அப்பா கேட்டார். "அங்க தண்ணி எப்படி?"

"தெரியலப்பா. போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க" என்றாள் தங்கை.

"நடவு கெடக்கு" என்று கால் கழுவப் போய்விட்டார்.

நடவு எத்தனை நாள்? அது முடிந்ததும் அவரை மலையடிவாரத்துக்கு அழைத்துப் போகவேண்டும். சித்தப்பா துணைக்கு வந்தால் கிளம்பிவிடுவார். நாளைக் காலை முதல் வேலையாகச் சித்தப்பாவைப் பிடிக்கவேண்டும்.