ஆறாவது அளவு

அந்தப் பொறியாளருக்கு அலுவலகத்தில் 'மறுபடி மேடம்' என்று பெயர். ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. யார் எந்த அளவைக் கொண்டுவந்து காட்டினாலும், "மறுபடி பாருங்க" என்பார். சாப்பாட்டு டப்பாவைக்கூட இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்கு அவர் சிரித்ததில்லை.

சனிக்கிழமைகளில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்குப் போவார். அங்கே இயற்பியல் ஆசிரியர் இடம் நான்கு ஆண்டுகளாகக் காலி. பதினோராம் வகுப்பின் செய்முறைப் பாடத்தையும் அதற்கான மதிப்பெண்ணையும் தலைமையாசிரியை அவரிடமே விட்டிருந்தார். சம்பளம் கிடையாது. இதைச் சேவை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சும்மா உட்கார முடியாததாலும் ஒருவர் நடந்துகொண்டிருக்கலாம்.

அந்த ஆண்டு ஊசல் சோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்தை அளந்து, புவியீர்ப்பின் மதிப்பைக் கணக்கிட வேண்டும். புத்தகத்தில் விடை 9.8. மாணவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்திருந்தார்கள்: குண்டின் மையம் வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்திருந்தார்கள். அப்படி அளந்தால் விடை ஒன்பதரைக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் இருபத்து நான்கு நோட்டிலும் 9.8. விடையை முதலில் வைத்துக்கொண்டு, அது வரும்படி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். அவர் இருபத்து நான்கு பேருக்கும் பூஜ்யம் போட்டார்.

அடுத்த புதன்கிழமை பெற்றோர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கூடிவிட்டார்கள். அந்த மதிப்பெண் ஆண்டு இறுதிக் கணக்கில் சேர்வது. தலைமையாசிரியை அவரைத் தனியே அழைத்து, மதிப்பெண்ணை மாற்றித் தராவிட்டால் இனி சனிக்கிழமை வகுப்பு இருக்காது என்று சொல்லிவிட்டார். பொறியாளர் மேல் கோபம் என்றில்லை, தலைமையாசிரியையும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களில் ஒருவர் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"மேடம், எல்லாரும் தப்பா எழுதி சைபர் வாங்குவாங்க. எம் பொண்ணு சரியா எழுதி வாங்கியிருக்கா. இது எங்கயாவது உண்டா?"

சிலர் சிரித்தார்கள். பொறியாளர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நானும் இப்படி ஒரு தடவை எழுதியிருக்கேங்க" என்றார்.

பிறகு அதுவரை விசாரணைக் குழுவுக்கும் கணவருக்கும் மட்டுமே தெரிந்திருந்ததைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு. தொட்டியில் வாயுவை நிரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஆறு அளவு. ஐந்தும் ஒரே எண். ஆறாவதும் அதேதான் இருக்கும் என்று, அழுத்தமானியைப் பார்க்காமலே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். மூன்று மாதம் கழித்து, அந்தத் தொட்டியோடு கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது. காரணம் உறுதியாகவில்லை என்று அறிக்கை சொன்னது. அவர் குழுவிடம் போய் உண்மையைச் சொன்னது, ராக்கெட் விழுந்து ஒன்பது நாள் கழித்து. ஒன்பது நாள் கொஞ்ச காலமில்லை, அதை அவரே சொன்னார்.

டிரைவர் கேட்டார்: "நீங்க பார்த்திருந்தா அது விழுந்திருக்காதா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. அதை நான்தான் விட்டுட்டேன்."

மதிப்பெண்ணை மாற்ற முடியாது என்றும், விருப்பமுள்ளவர்கள் வரும் சனிக்கிழமை சோதனையை மறுபடி செய்யலாம் என்றும், எந்த விடை வந்தாலும் வந்ததை எழுதினால் மதிப்பெண் உண்டு என்றும் சொன்னார். தலைமையாசிரியை மேசையைப் பார்த்தபடி, அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் சம்மதித்தார்.

பதினான்கு பேர் வந்தார்கள். வராத பத்துப் பேருக்குத் தலைமையாசிரியை தானாகவே மதிப்பெண் போட்டுவிட்டார். பொறியாளர் அதைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊசல்களை ஆட்டினார்கள். டிரைவர் கடைசி பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத ஊசலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். டிரைவரின் மகளுக்கு 9.6 வந்தது. பேனா தாளில் படாமல் நின்றது. அவள் பொறியாளரைப் பார்த்தாள், அவர் வேறு மேசையில் குனிந்திருந்தார். திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"என்னம்மா வந்துச்சு?"

"ஒன்பது புள்ளி ஆறு."

"அப்ப அதையே எழுது."