இரவல் வாங்கிய இருபது பேர்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்டியாபீசில் நான் மேற்பார்வையாளன். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும். பருப்பு அமெரிக்காவுக்குப் போகும். நடுவில் சர்க்கார் பெர்மிட். சுதந்திரம் வந்த பிறகு, சொந்தமாக ஆள் வைத்து உடைப்பவர்களுக்கு மட்டுமே இறக்குமதி பெர்மிட் என்றார்கள். தரகர்களை ஒழிக்கத்தான். நல்ல உத்தரவு, கெடுத்தது எங்களைப் போன்றவர்கள்.

எங்கள் முதலாளி பெரும்பாலும் வீடுகளுக்குக் கொட்டையைக் கொடுத்து உடைத்து வாங்குகிறவர். ஆபீசில் ஆள் குறைவு. அதிகாரி பார்வையிட வரும் நாளில் ஆள் காட்டியாக வேண்டும். பக்கத்து வளவில், புருஷன் போன பிறகு ஓர் அக்கா சின்ன ஷெட் போட்டு இருபது பெண்களை வைத்து உடைத்துவந்தார். அவரும் பெர்மிட்டுக்கு மனுக் கொடுத்திருந்தார்.

அந்த இருபது பேரையும் ஒரு நாளைக்குக் கேட்டேன். அறுப்புக்கும் நடவுக்கும் ஆள் மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

“கூட்டிட்டுப் போ மக்கா. ஒனக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறேன்?”

அதே அதிகாரி அன்று மத்தியானம் அவருடைய ஷெட்டுக்கும் போகிறார் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது? முதலாளி தடுத்தார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி கெட்டிக்காரர். பெண்களைக் கை நீட்டச் சொன்னார். கொட்டை எண்ணெய் பட்டு அத்தனை கையும் கறுத்துத் தோலுரிந்திருந்தது. அசல் உடைப்புக்காரிகள்தான் என்று திருப்தியோடு போனார். அப்போதாவது பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதே முகங்களை அங்கே பார்த்தால் எங்கள் குட்டு உடைந்துவிடுமே! சோறு போடுகிறேன் என்று உட்கார்த்தி வைத்தேன், வெட்கங்கெட்டவன்.

காலி ஷெட்டில் அக்கா தனியாக நின்றாராம். ஆள் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு வாய் திறக்கவில்லையாம். சொன்னால் என்னை மாட்டிவிட்டதாகும் என்று நினைத்தாராம். அந்தப் பெண்கள்தான் பிறகு என்னிடம் சொன்னார்கள்.

பெர்மிட் எங்களுக்கு வந்தது. கொட்டை கிடைக்காமல் அவருடைய ஷெட் மூடியது. கொஞ்ச நாளில் அந்தப் பெண்களோடு அவரும் எங்கள் ஆபீசுக்கு வேலை கேட்டு வந்தார். உடைத்துப் பழக்கமுண்டா என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டும். அவரிடம் எப்படிக் கேட்பது? அவரே இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

“நல்லாப் பாத்துக்கோ மக்கா. இது எனக்க கை. இரவல் இல்ல.”