சின்ன மாமாவுக்கு ரிலீவர்

போன வாரம் என் மகள் கைபேசியை நீட்டி, "இந்த செமஸ்டர் அவ்வளவு படிச்சும் சி.ஜி.பி.ஏ. கொஞ்சம்தாம்பா ஏறியிருக்கு" என்றாள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் தேறாதவனிடம் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குப் பாவமாகிவிட்டது போல. சராசரி என்றால் என்ன என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தாள். நான் குறுக்கே பேசவில்லை. பேசியிருந்தால் சின்ன மாமாவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நெய்வேலியில் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினில் வேலை, பெர்மனன்ட். அம்மாவின் தம்பியான சின்ன மாமா காடாம்புலியூரிலிருந்து வந்து எங்களோடு தங்கி இன்ஜினியரிங் படித்தார். எட்டு செமஸ்டரில் ஏழு முடிந்திருந்தது. மொத்த சராசரி அறுபது வந்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பு இருந்தால்தான் கம்பெனி வேலைக்கு மனுவே போட முடியும். மாமா அறுபதுக்குக் கொஞ்சம் கீழே நின்றார். வராவிட்டால் ஊருக்கு வந்து முந்திரி பொறுக்கட்டும் என்று தாத்தா சொல்லி அனுப்பியிருந்தார்.

"இதுல என்ன மாப்ள இருக்குது? மழைத் தண்ணி நின்னு வெட்டு கொறஞ்சி போறதை மாசக் கடைசியில ஓட்டிப் புடிக்கிறமா இல்லியா?" என்றார் அப்பா.

"அது மாசக் கணக்கு மாமா. இது நாலு வருசம்" என்றார் சின்ன மாமா.

அம்மா மோர் கலக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏழு சொம்பு தண்ணி மோருல ஒரு சொம்பு தயிரை ஊத்தினா தயிராயிடுமாங்க?"

"தயிராவ வேணாம். மோராட்டம் தெரிஞ்சா போதும்" என்றார் அப்பா.

மறுநாளே அப்பா மாமாவுக்கு ஷிப்ட் போட்டுவிட்டார். கம்பெனியில் காலைச் சங்கு ஊதினால் மாமா ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். சுரங்கத்தில் அடுத்த ஆள் வந்து ஏறாமல் மெஷினை விட்டு இறங்கக் கூடாது. அப்படி வருகிறவருக்கு ரிலீவர் என்று பெயர். அதே சட்டம்தான் வீட்டிலும். நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்பா பஸ் ஏறினார். ரிலீவர் யார் என்று அவர் யோசிக்கவில்லை. மாமா யோசித்தார்.

நான் பேச்சு குறைந்த பிள்ளை, சொன்ன இடத்தில் சொன்னபடி உட்காருவேன். அதனால் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மாமா என்னை நாற்காலியில் ஏற்றிவிட்டு, சந்தேகம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். அவரோடு படித்த ஓர் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தார். சந்தேகம் கேட்கப் போகிறவர் எதற்காக இரண்டு முறை தலை வாருகிறார் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். எனக்குத் தரையில் கால் எட்டவில்லை. மடியில் தலையணை கனத்தில் ஒரு புத்தகம்.

"மாமா எங்கடா?"

"ரிலீவ் வாங்கிக்கினு போயிட்டாருப்பா."

அப்பா கோபப்படலாம் என்றால் சட்டம் எங்கேயும் மீறப்படவில்லை.

"எந்த எடத்துல விட்டாரு?"

"நூத்திப்பத்தாம் பக்கம். அதைத் திருப்பக் கூடாதுன்னு சொன்னாரு."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாமா திரும்பி வந்ததும் விசாரணை நடந்தது. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி நாளா எனக்கு வராத பேப்பரையே புடிச்சிக்கினு தொங்கினேன் மாமா. அதுல உசுரைக் குடுத்தாலும் அஞ்சி மார்க்குதான் கூட வரும். பிராஜக்ட்டுக்கு மூணு பேப்பர் மார்க்கு இருக்குது. அதை ஏத்தினாத்தான் மொத்தமும் ஏறும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அங்கதான் செஞ்சிக்கினு இருக்கேன்."

அப்பாவின் முகம் தெளிந்தது. "பாறையில போட்டு மெஷின் பல்லைத் தேய்க்காத, கரி இருக்கிற எடத்துல வெட்டுன்னு சொல்லுது. வெவரமான பொண்ணுதான். போயிட்டு வா மாப்ள. ஆனா ரிலீவர் இல்லாம எறங்கக் கூடாது."

அதிலிருந்து நான்தான் அந்த நாற்காலிக்கு நிரந்தர ஆள். வெளியே பசங்கள் கிட்டிப்புள் ஆடுவது ஜன்னலில் தெரியும். பந்தயத்துக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிடுவார்கள். நான் டூட்டியில் இருக்கிறேன் என்று கையை ஆட்டிவிடுவேன். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகத்தை நிமிர்த்திப் பிடிப்பேன்.

ரிசல்ட் வந்தது. அறுபதைத் தொட்டு ஒரு முடி அளவு மேலே. அப்பா கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து, எல்லாம் தான் போட்ட ஷிப்டின் மகிமை என்றார். "மோராட்டம்தான் தெரியுது" என்றாள் அம்மா. மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, "இதுல பாதி மார்க்கு உன்னுதுடா" என்றார்.

மாமாவுக்குக் கம்பெனியிலேயே வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்த அக்காவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அப்பா திகைத்துப்போய், "இதெல்லாம் எப்ப நடந்துச்சி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? ரிலீவரைக் கேளுங்க" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். முதல் பரீட்சை மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா, "என்னடா இது, எல்லாத்துலயும் பாதிகூட இல்ல?" என்றார்.

"மீதி மாமாகிட்ட இருக்குப்பா" என்றேன்.

கையை ஓங்கியவர் அப்படியே கீழே இறக்கிக்கொண்டார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் எங்கேயோ என் பேரில் சேர்ந்திருக்கும், மாமா அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.