உறுமியில் தம்பியின் பாட்டு

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் தம்பியின் வீடு. ஈப்போவிலிருந்து கொண்டுவந்த பை இன்னும் என் தோளில் தொங்குகிறது. தம்பியின் சவப்பெட்டியைத் தூக்கப் போகிறார்கள். குடும்பத்தில் மூத்தவன் நான்; உறுமி மேளக்காரர்கள் என் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள்.

"பெரியப்பா, அப்பாவோட ஹெவி மெட்டல் பாட்டையே அடிக்கச் சொல்லுங்க லா," என்கிறாள் தம்பி மகள்.

அவளுடைய மாமனார் முறைக்கிறார். "சாவு வீட்டுல சண்டைப் பாட்டா?"

"சண்டை வேணாங்கற பாட்டு மாமா."

போரே வேண்டாம் என்னும் அந்தப் பாட்டைத் தம்பி முதலில் ஆங்கிலத்தில் பாடினான், பிறகு தமிழிலும் பாடினான். பட்டாளத்தானான என்னைக் குத்தவே பாடுகிறான் என்று நினைத்து இந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்தினேன். தவறு என்னுடையது.

"அடிங்கப்பா," என்கிறேன்.

அதே பாட்டு உறுமியில் அதிர்கிறது. பெட்டிக்குப் பின்னால் என் கால்கள் தாமாகவே அணிவகுப்பு நடை போடுகின்றன. தம்பி மகள் அவற்றையே பார்க்கிறாள். நடையை மாற்ற முயல்கிறேன், முடியவில்லை.