தாய்மாமன் சீரில் ஒரு ஐஸ் காளை

பனிக்கட்டியில் உருவம் செதுக்குவது என் தொழில். மதுரையில் இருந்துகொண்டு இதைச் செய்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். பொதுவாகவே எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கல்யாண வரவேற்புகளில், ஏசி மண்டபத்துக்குள் வைக்க அன்னம் கேட்பார்கள், இதயம் கேட்பார்கள். மூன்று மணி நேரம் தாங்கும். அதற்குள் போட்டோ எடுத்து முடித்துவிடுவார்கள்.

காளை கேட்டவர் அந்த ஒருவர்தான். கீழக்குயில்குடிப் பக்கத்து விவசாயி. தங்கை மகளுக்குக் காதுகுத்து, இவர் தாய்மாமன். சீர்வரிசையோடு ஐஸ் காளையையும் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். "வெயில்லயா?" என்று கேட்டேன்.

"வெயில்லதாம்மா. சீரு ஊர்வலமாத்தான போகும்?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் காரணத்தைச் சொல்லிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் இவருக்கும் தங்கை புருஷனுக்கும் வாய்த்தகராறு. அந்தக் கோபத்தில் தங்கையின் மூத்த பையன் காதுகுத்துக்கு இவர் போகவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அன்றோடு தங்கை பேச்சை நிறுத்திவிட்டார். இந்தத் தடவை மச்சான்தான் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார். தங்கை அவரோடு வரவில்லை.

"வெறும் தட்டத் தூக்கிட்டுப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிருவாம்மா. காளையப் பாத்தாலாவது நிமிருவா."

ஒத்துக்கொண்டேன். எனக்கு இளகிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்னம் செதுக்கிச் செதுக்கி அலுத்துப்போயிருந்தது.

கப்பலூரில் ஒரு ஐஸ் கம்பெனியில் நான்கு ஐஸ் பார் எடுத்து, அங்கேயே குளிர் அறையில் வேலை பார்த்தேன். ஐஸை எடுத்தவுடன் உளி வைத்தால் விரிசல் விட்டுவிடும். மேலே லேசாக வியர்க்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி அதுதான். பாரின் நடுவில் பால் மாதிரி ஓடும் வெள்ளையைக் காளையின் வயிற்றுக்குள் ஒளித்தேன். கால்களைப் பிரிக்காமல் நடுவில் ஐஸை அப்படியே விட்டேன். திமிலில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கொம்பு மட்டும் மெலிசு.

"கொம்பு அரை மணி நேரந்தாண்ணே நிக்கும். அதுக்கு மேல என்னையக் கேக்கக் கூடாது."

"அம்புட்டுத் தூரமெல்லாம் இல்லம்மா. முக்கால் கிலோமீட்டரு."

தூரத்தைச் சொன்னவர் மேளத்தைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் குத்திவிட வேண்டும். பதினொரு மணிக்குக் குட்டியானை வண்டியில் காளைமேல் போர்த்தியிருந்த சாக்கை உருவினேன். கூட்டம் வண்டியைச் சுற்றி நெருக்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் தெருமுக்கில் மேளக்காரர்கள் நின்று வாசித்தார்கள். இரண்டாவது முக்கில் சொந்தக்காரர்கள் ஆடினார்கள். மூன்றாவது முக்கில் ரோட்டை அடைத்துச் சரவெடியை விரித்தார்கள். அது வெடித்து முடிவதற்குள் இடது கொம்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வலது கொம்பும் போனது. "ஆடா இது?" என்று ஒரு பெரியவர் விசாரித்தார். அடுத்த வீட்டு வாசலில் நின்ற குழந்தை, "பன்னி, பன்னி!" என்று கைதட்டியது.

நான் வண்டியில் நின்றபடி குடை பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, மாடு வேணுமா, மேளம் வேணுமா? இன்னும் பத்து நிமிசத்துல திமிலும் போயிரும்."

அவர் காளையைப் பார்த்தார். மேளத்தைப் பார்த்தார். மேளம் இல்லாமல் தாய்மாமன் உள்ளே நுழைய முடியாது. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கினார்.

"ஓடுங்கடா!" என்றார்.

சீர்வரிசை ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஓடிக்கொண்டே ஊத முடியாது என்று நாயனக்காரர் வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தவில்காரர் ஓடிக்கொண்டே அடித்தார். தட்டுத் தூக்கிய பெண்கள் வைதுகொண்டே ஓடினார்கள். ஆப்பிள்கள் உருண்டன, ஒருவரும் குனியவில்லை. எல்லோருக்கும் முன்னால் மாமன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பு ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு.

மலையடிவாரக் கோயில் வாசலில் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். குனிந்த தலை. சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் தட்டை அப்படியே பிடித்தபடி நின்றுவிட்டார். அண்ணன் அவர் முன்னால் வந்து நின்றார். மூச்சு இரைத்தது. வண்டிப் பக்கம் கையைக் காட்டினார். வண்டியில் காளை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. நானும், நாயனக்காரரும், பெரிய வெள்ளைக் கட்டி ஒன்றும் இருந்தோம்.

தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தட்டைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் அண்ணன் நெற்றியைத் துடைத்தார்.

"ஆறு வருசமாக் காத்துக் கெடந்தவ, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்க மாட்டனாண்ணே?" என்றார். "எதுக்கு இப்பிடி விழுந்தடிச்சு ஓடியார?"