பூஜைக்கு நிறுத்திய காற்று பம்ப்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று ஒரகடத்திலிருந்து பென்னலூர் வரை எத்தனையோ கம்பெனிகளில் மின்சார வேலை என் ஆட்களுடையது. மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அதன் கோளாறைச் சொல்வேன். அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு கம்பெனி மேனேஜர் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

வல்லம் வடகாலில் இருக்கும் அந்தக் கம்பெனி கண்ணாடிக் குழாய்களில் பச்சைப் பாசி வளர்க்கிறது. குளத்துப் பாசி இல்லை. நம் உடம்பில் ஊறும் ஒரு புரதத்தை மருந்துக்காக அந்தப் பாசியைச் செய்ய வைக்கிறார்கள். அதற்கான மரபணுவை உள்ளே புகுத்தி, நூற்றுக்கணக்கில் பொறுக்கிப் பார்த்து, நன்றாகச் செய்யும் ஒன்றைப் பிடித்தார்களாம். இரவும் பகலும் காற்றுக் குமிழ் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்களுக்கு ஆயுத பூஜை என்றால் மிஷினுக்கு ஓய்வு. பொட்டு வைத்த பிறகு தொடக்கூட விடமாட்டேன். அங்கேயும் மின்சார வேலை எங்களுடையதுதான்; பூஜை போட்டதும் "எல்லாத்தையும் ஆஃப் பண்ணுப்பா" என்றேன். என் எலெக்ட்ரீசியன், வடக்குப்பட்டுக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், காற்று பம்ப்பையும் நிறுத்தினான். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். நெற்றியில் சந்தனம், வாயில் பொரி. போனில் படம் வேறு எடுத்தார்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் அழுகல் நாற்றம். பாசி முழுக்க அடியில் படிந்து பழுப்பேறிக் கிடந்தது.

மேனேஜர் எலெக்ட்ரீசியனைப் பார்த்துக் கத்தினார். "படிக்காத ஜனங்கள உள்ள விட்டா இப்படித்தான். நாளையிலேர்ந்து வராத."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இன்னா சார் பேசுற? ஆஃப் பண்ணச் சொன்னது நானு. நீ பக்கத்துலயே பொரி துன்னுகினு நின்னியே, படிச்ச ஆளுதானே, அப்போ வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"பெரியவரே, மரியாதையா பேசுங்க."

"மரியாத உனக்கு மட்டுந்தானா? அனுப்புறதுன்னா என்னை அனுப்பு. என் ஆளுங்க மொத்தமும் கூடவே வந்துருவானுங்க."

பாசியைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வகத்து அம்மாதான் குறுக்கே வந்தார். அழுது வீங்கிய முகம். "தாய்ப் பாசி தனியா பத்திரமா இருக்கு. முதல்லேர்ந்து வளக்கணும். அந்த பம்ப்ப நிறுத்தக் கூடாதுன்னு நாம யாருமே இவங்ககிட்ட சொல்லல சார்" என்றார்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எலெக்ட்ரீசியனின் வேலை தப்பியது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு? கிடையாது. நான் அந்த அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன்; குழாய்களை என் கையாலேயே தேய்த்துக் கழுவியும் கொடுத்தேன்.

அடுத்த பூஜையில் அந்த பம்ப்புக்கு மட்டும் ஓட ஓடவே பொட்டு வைத்தோம். மேனேஜர் பொரிக்குக் கை நீட்டினார். எலெக்ட்ரீசியன் கொடுத்தான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.